பெற்ற அப்பா, வளர்த்த அப்பா: குழந்தை யாரிடம் இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே குழந்தையை இரண்டு ஆண்கள் "என் பிள்ளை" என்கிறார்கள். ஒருவர் பெற்றவர், இன்னொருவர் வளர்த்தவர். இருவருமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வழக்குகள் இவ்வளவு கடினமாக இருக்கின்றன. இப்படிப்பட்ட குடும்பங்களை உட்காரவைத்துப் பேசும் வேலையில் இருக்கிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த நாட்டு விதியைச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே குறித்திருக்கிறேன். உங்கள் வழக்கின் முடிவை உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டபிறகு எடுங்கள்.

பெற்றவர்தானே அப்பா? இதில் தகராறு எங்கிருந்து வருகிறது?

அப்பா என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. குழந்தை உருவாகக் காரணமாக இருந்தவர் ஒருவர். பிறப்புச் சான்றிதழிலும் சட்டத்தின் கண்ணிலும் தந்தையாக இருப்பவர் ஒருவர். ராத்திரி காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஒருவர். பெரும்பாலான வீடுகளில் மூன்றும் ஒரே ஆள் என்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மூன்றும் இரண்டு பேரிடமோ மூன்று பேரிடமோ பிரிந்து கிடக்கும்போதுதான் வழக்கு வருகிறது.

"உண்மையான அப்பா யார்?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்பதுதான். அதற்கு ஒரே பதில்தான் உண்டு என்று நினைத்துவிட்டால், இருவரில் ஒருவரைக் குழந்தையின் வாழ்க்கையிலிருந்து அழித்தாக வேண்டும். இந்த ஏற்பாட்டால் குழந்தை யாரை இழக்கும், அந்த இழப்பைத் தவிர்க்க வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு திசையில் போகும்.

திருமணமான பெண்ணுக்கு வேறொருவர் மூலம் குழந்தை பிறந்தால் சட்டப்படி அப்பா யார்?

பெரும்பாலான நாடுகளில் முதல் பதில்: கணவர். திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தை கணவருடையது என்று சட்டம் அனுமானிக்கிறது. குழந்தைக்குத் "தகப்பன் பேர் தெரியாதவன்" என்ற பழி வரக்கூடாது என்பதற்காக வந்த பழைய விதி இது.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 116ஆம் பிரிவு. திருமணம் நீடிக்கும்போதோ, திருமணம் முறிந்து தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும் 280 நாட்களுக்குள்ளோ பிறந்தால், அந்தக் கணவரே தந்தை என்பதற்கு அது முடிவான சான்று. இதை உடைக்க அந்தப் பிரிவு சொல்லும் ஒரே வழி, கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பது.

இதன் வலிமை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 2025 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கணவர் அல்லாத இன்னொருவர்தான் தன்னைப் பெற்றவர் என்று சொல்லி, அவரிடம் மகன் பராமரிப்புத் தொகை கேட்டிருந்தார். கணவனும் மனைவியும் அந்தக் காலத்தில் ஒரே வீட்டில் இருந்தவர்கள் என்பதால் கணவரே சட்டப்படி தந்தை, அந்த மூன்றாவது மனிதரை டி.என்.ஏ. (மரபணு) சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் கலிஃபோர்னியா வழக்கு ஒன்றில் இன்னும் கடுமையான நிலையை எடுத்தது. ரத்தப் பரிசோதனை 98 சதவீதத்துக்கு மேல் ஒருவரைத் தந்தை என்று காட்டியது. அவர் அந்தச் சிறுமியோடு சில காலம் சேர்ந்தும் வாழ்ந்திருந்தார். ஆனாலும் தாயின் கணவரே தந்தை என்ற மாநிலச் சட்டம் செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது.

டி.என்.ஏ. சோதனை செய்துவிட்டால் விஷயம் முடிந்துவிடாதா?

யார் பெற்றவர் என்ற கேள்வி முடிந்துவிடும். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அறிவியலைப் பொறுத்தவரை சோதனை மிக நம்பகமானது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்த மாதிரியே போதும். பல மரபணு இடங்களில் குழந்தையும் அந்த ஆணும் பொருந்தாவிட்டால் அவர் தந்தை இல்லை. எல்லா இடங்களிலும் பொருந்தினால் வழக்கமாக 99.9 சதவீதத்துக்கு மேல் நிகழ்தகவு வரும். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய இருவரும் சகோதரர்கள் என்றால் ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்கள் கூடுதல் இடங்களைப் பார்ப்பார்கள். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையர்கள் என்றால் வழக்கமான சோதனையால் அவர்களைப் பிரித்தறிய முடியாது.

ஆனால் நீதிமன்றங்கள் கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவிடுவதில்லை. மனைவி நடத்தை தவறியவர் என்று நிரூபிக்க, குழந்தையைச் சோதனைக்கு அனுப்பக் கேட்ட கணவரின் மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை. பெரியவர்களின் சண்டையில் குழந்தையின் மரபணுவைச் சாட்சியாக இழுக்கக் கூடாது, குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே நீதிமன்றம் 2014இல், சோதனை ஏற்கனவே நடந்து, கணவர் தந்தை இல்லை என்று தெரிந்துவிட்ட ஒரு வழக்கில், அறிவியல் உண்மைக்கு முன் அனுமானம் நிற்காது என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் முரண் இல்லை. முதலாவது, சோதனைக்கு அனுப்பலாமா என்பது பற்றியது. இரண்டாவது, அனுப்பி முடிவும் வந்தபிறகு என்ன செய்வது என்பது பற்றியது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: முடிவு வந்தபிறகு என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமல் சோதனை செய்யாதீர்கள். அந்தக் காகிதம் வந்த நாளுக்குப் பிறகு, அது வராத நாளுக்கு யாராலும் திரும்பிப் போக முடியாது.

இணையத்தில் கிட் வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

மாதிரி யாருடையது, யார் எடுத்தார்கள், வழியில் யார் கைக்குப் போனது என்று நிரூபிக்க முடியாததால் நீதிமன்றத்தில் அது பெரும்பாலும் எடுபடாது. பிரான்சில் நீதிபதியின் உத்தரவு இல்லாமல் தந்தைமைச் சோதனை செய்துகொள்வதே சட்டவிரோதம். அம்மாவுக்குத் தெரியாமல் குழந்தையின் வாயில் பஞ்சை விட்டு மாதிரி எடுப்பது வேறு பல நாடுகளிலும் சிக்கலில் மாட்டிவிடும்.

நான் என் பிள்ளை என்று வளர்த்த குழந்தை என்னுடையது இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்வது?

முதலில் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சில நாட்களாவது பொறுங்கள். உங்களுக்கு நடந்தது பெரிய துரோகம், அதைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் துரோகம் செய்தது ஒரு பெரிய ஆள். குழந்தைக்கு அதில் பங்கே இல்லை. நேற்று மாலை உங்களைப் பார்த்து ஓடிவந்த அதே குழந்தைதான் இன்றும் ஓடிவரும். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சட்டத்தில் உங்களுக்கு முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன. தந்தைமையை மறுத்து விலகுவது ஒன்று. தந்தையாகவே தொடர்வது இன்னொன்று. விலகுவதற்குக் காலக்கெடு உண்டு. ஜெர்மனியில் சந்தேகத்துக்கு இடமளிக்கும் தகவல் தெரிந்ததிலிருந்து 2 ஆண்டு. பிரான்சில் பிறப்புச் சான்றிதழில் பெயரும் இருந்து, பிறந்ததிலிருந்து 5 ஆண்டு நீங்கள் தந்தையாக நடந்தும் வந்திருந்தால், அதன்பிறகு தனிநபர் யாரும் அதை எதிர்க்க முடியாது. கெடு ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் வழக்கறிஞரை உடனே பாருங்கள். அவரைப் பார்த்துவிட்டதாலேயே முடிவை உடனே எடுத்தாக வேண்டும் என்று இல்லை.

விலகிய சிலரிடம் பிறகு பேசியிருக்கிறேன். பணம் கட்டுவதிலிருந்து விடுபட்ட நிம்மதி அவர்களுக்கு இருந்தது. அப்புறம் ஒரு வருத்தமும் இருந்தது: விலகியபிறகு குழந்தையைப் பார்க்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. "கட்ட மாட்டேன், ஆனால் பார்ப்பேன்" என்று யாராலும் கேட்க முடியவில்லை. இதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படி நடப்பது சகஜமா? பத்தில் ஒரு குழந்தை, மூன்றில் ஒரு குழந்தை என்கிறார்களே?

பரவலாகச் சொல்லப்படும் பெரிய எண்கள் தவறான இடத்திலிருந்து வந்தவை. ஆய்வகத்துக்குச் சோதனைக்கு வருபவர்கள் ஏற்கனவே சந்தேகத்தோடு வருபவர்கள். அவர்களிடையே கிடைக்கும் விகிதத்தை எல்லாக் குடும்பங்களுக்கும் பொருத்த முடியாது. பொதுவான மக்கள்தொகையை வைத்துச் செய்த மரபணு ஆய்வுகளில் ஒன்று, இரண்டு சதவீதம் என்ற அளவில்தான் வருகிறது. வெறும் வதந்தியை நம்பி வீட்டில் சந்தேகத்தை வளர்க்காதீர்கள்.

நான்தான் பெற்றவன். குழந்தையின் அம்மா வேறொருவரோடு வாழ்கிறார். எனக்கு உரிமை உண்டா?

உண்டு, ஆனால் தானாக வராது. இங்கே காலம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அமெரிக்காவில் 1972இல் வந்த தீர்ப்பு ஒன்று, திருமணமாகாத தந்தை என்பதற்காக விசாரணையே இல்லாமல் அவரிடமிருந்து பிள்ளைகளைப் பறிக்கக் கூடாது என்றது. அந்த வழக்கில் தந்தை பிள்ளைகளோடு வாழ்ந்தவர். 1983இல் வந்த இன்னொரு வழக்கில் முடிவு நேர்மாறு. அவர் குழந்தையோடு உறவை வளர்த்துக்கொள்ளவில்லை, நியூயார்க் மாநிலம் வைத்திருந்த தந்தையர் பதிவேட்டில் பெயரும் பதியவில்லை. தாயின் கணவர் குழந்தையைத் தத்தெடுத்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ரத்த உறவு பெற்றவருக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு பொறுப்பை ஏற்றால்தான் உரிமையாகும் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம்.

ஐரோப்பாவில் காற்று கொஞ்சம் வேறு பக்கம் வீசுகிறது. ஜெர்மனியில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற ஒருவரை, தாயின் கணவர்தான் சட்டப்படி தந்தை என்று சொல்லி, பார்க்கவே விடவில்லை. பார்ப்பது குழந்தைகளுக்கு நல்லதா என்று ஆராயாமலே மறுத்தது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் சொன்னது. அதன்பின் 2013இல் ஜெர்மனி சட்டத்தைத் திருத்தியது. குழந்தைமேல் உண்மையான அக்கறை காட்டிய பெற்ற தந்தை, குழந்தைக்கு நன்மை என்றால் சந்திக்கலாம், அதைப் பற்றிய தகவல்களையும் கேட்கலாம். 2024 ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், பெற்றவர் சட்டப்படி தந்தையாவதற்கு இருந்த தடைகள் மிக இறுக்கமானவை, அவற்றை மாற்றியாக வேண்டும் என்றது.

ஆகவே செய்ய வேண்டியது: எழுத்தில் உரிமை கோருங்கள், பதிவேடு இருக்கும் நாடு என்றால் பதியுங்கள், கேட்காவிட்டாலும் செலவுக்குப் பணம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பிறந்தநாள் வாழ்த்தாவது அனுப்புங்கள். அனுப்பியது திரும்பி வந்தாலும் அந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். "கோபத்தில் மூன்று வருடம் விலகியிருந்தேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த மூன்று வருடத்தில் குழந்தை வேறொருவரை அப்பா என்று அழைக்கக் கற்றிருக்கும். நீதிபதியால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

எனக்குக் குழந்தை பிறந்ததையே மறைத்துவிட்டார்கள். அப்போதும் காலம் கடந்ததாகுமா?

இந்தத் தகராறுகளிலேயே மனதை அதிகம் அலைக்கழிப்பவை இவைதான். 1990களில் அமெரிக்காவின் இல்லினாயில் ஒரு வழக்கு. தாய் பச்சைக் குழந்தையைத் தத்துக்குக் கொடுத்துவிட்டார். பெற்றவரிடம் குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. சுமார் இரண்டு மாதத்தில் உண்மை தெரிந்ததும் அவர் உரிமை கோரினார். வழக்கு நீண்டுகொண்டே போனது. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் பெற்றவர் பக்கம் நின்றது. ஆனால் 1995இல் குழந்தை கைமாறியபோது அதற்கு 4 வயது. வளர்த்தவர்களைத் தவிர வேறு பெற்றோரை அது அறிந்ததில்லை.

பெற்றவர் ஏமாற்றப்பட்டவர். வளர்த்தவர்களும் ஆசையாகத் தத்தெடுத்தவர்கள். உண்மையில், வழக்கு எடுத்துக்கொண்ட காலத்திடம் தோற்றது அந்தக் குழந்தைதான். ஆரம்பத்திலேயே சில வாரங்களில் விசாரித்து முடித்திருந்தால் இந்தத் துயரம் பெரும்பகுதி வந்திருக்காது. ஆகவே மறைக்கப்பட்டது என்று தெரிந்த வாரமே வழக்கறிஞரிடம் போங்கள், விரைந்து விசாரிக்கும்படி முதல் மனுவிலேயே கேளுங்கள், வழக்கு நடக்கும் காலத்திலும் குழந்தையைச் சந்திக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும், குழந்தை ஒரே நாளில் வீடு மாறக் கூடாது. வளர்த்தவர்களும் கூட இருந்து, மெல்ல மெல்ல மாற்றும் ஏற்பாட்டை நீங்களே முன்வைத்தால் அது உங்கள் பெருந்தன்மைக்கும் குழந்தைமேல் உள்ள அக்கறைக்கும் சாட்சி.

எனக்கு ரத்த உறவு இல்லை. ஆனால் நான்தான் வளர்த்தேன். குழந்தையின் அம்மாவும் நானும் பிரிகிறோம். குழந்தையை இனி பார்க்கவே முடியாதா?

பல நாடுகளில் முடியும், ஆனால் அதை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும்.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, தாயைத் திருமணம் செய்து குழந்தையைக் குடும்பப் பிள்ளையாக நடத்தியவரும், குழந்தையோடு 3 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவரும், தனி அனுமதி தேவைப்படாமல் நேரடியாக நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தாயைத் திருமணம் செய்த வளர்ப்புத் தந்தை, பெற்றோர் பொறுப்பையே (குழந்தைக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமையும் கடமையும்) ஒப்பந்தம் மூலமோ நீதிமன்ற உத்தரவு மூலமோ வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்படி வாங்கினாலும் பெற்றவரின் பொறுப்பு அழிவதில்லை, இருவருக்கும் சேர்ந்தே இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பல தகராறுகள் பாதியாகக் குறையும்.

இந்தியாவில் நிலை கடினம். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் (சட்டம் தானாகவே குழந்தையின் பொறுப்பாளராகக் கருதுபவர்) பட்டியலிலிருந்து மாற்றாந்தந்தையை வெளிப்படையாகவே நீக்குகிறது. ஆனாலும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் உறவினரோ நண்பரோ மனுச் செய்யலாம். குழந்தையின் நலனே அங்கும் முதன்மை. இயற்கைக் காப்பாளர் இல்லை என்பதற்காக நீதிமன்றக் கதவு மூடியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

சான்றுகள்தான் உங்கள் பலம். பள்ளியில் அவசரத் தொடர்புக்கு யார் எண் கொடுக்கப்பட்டது, தடுப்பூசி போட யார் கூட்டிப் போனார், ஆசிரியர் கூட்டத்தில் யார் உட்கார்ந்தார், குழந்தையின் பெயரில் யார் சேமித்தார் என்று காட்டும் தாள்களைச் சேர்த்துவையுங்கள். படங்கள் உதவும், ஆனால் சிரித்துக்கொண்டு எடுத்த பத்துப் படங்களைவிட ஒரு மருத்துவக் குறிப்பில் இருக்கும் உங்கள் கையெழுத்துக்கு எடை அதிகம்.

ரத்த உறவு இல்லை என்று சொல்லி நான் செலவுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

கனடா உச்ச நீதிமன்றம் 1999இல் இதற்குத் தெளிவான பதில் சொன்னது. பெற்றோர் ஸ்தானத்தில் நின்ற ஒருவர், தாயோடு உறவு முறிந்ததும் "இனி எனக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் இல்லை" என்று தன்னிச்சையாகச் சொல்லி விலக முடியாது. அதே பொறுப்போடு குழந்தையைச் சந்திக்கும் உரிமையும் வருகிறது. எல்லா நாடுகளும் இதைப் பின்பற்றுவதில்லை. ஆனால் நியாயம் எதுவென்று கேட்டால், கனடா சொன்னதுதான் நியாயம் என்பேன். குழந்தையிடம் பாசத்தை வாங்கிக்கொண்டவர் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

"குழந்தையின் நலன்" என்றால் நீதிபதி உண்மையில் எதைப் பார்க்கிறார்?

ஐ.நா. குழந்தை உரிமை ஒப்பந்தம் 1989இல் ஏற்கப்பட்டபோது, குழந்தை சம்பந்தப்பட்ட எந்த முடிவிலும் அதன் நலன் முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்று 3ஆம் பிரிவில் எழுதினார்கள். முடிந்தவரை தன் பெற்றோரை அறியவும் அவர்களால் வளர்க்கப்படவும் உரிமை உண்டு என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று இழுத்துக்கொள்ளும் இடத்தில்தான் நம் வழக்குகள் நிற்கின்றன.

நடைமுறையில், இதுவரை தினமும் பார்த்துக்கொண்டது யார் என்பது பெரிய கேள்வி. பிறந்து ஆறேழு மாதம் ஆகும்போது குழந்தை குறிப்பிட்ட சிலரிடம் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கிறது. அந்தப் பிணைப்பைத் திடீரென்று அறுப்பது காயப்படுத்தும் என்று ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் போல்பி கடந்த நூற்றாண்டின் நடுவில் எழுதியது இன்று குடும்ப நீதிமன்றங்களின் பொது அறிவாகிவிட்டது. அந்தக் குழந்தைக்கு மரபணு அறிக்கை ஒரு பொருட்டே இல்லை, யார் கை பழகிய கை என்பது மட்டும் தெரியும்.

அடுத்தது, உடன்பிறந்தவர்கள். அம்மா ஒன்று, அப்பா வேறு என்றிருக்கும் பிள்ளைகள் ஒரே வீட்டில் வளர்ந்திருந்தால், ஒருவரை மட்டும் பெயர்த்தெடுப்பதை நீதிபதிகள் தவிர்க்கவே பார்ப்பார்கள். வன்முறை, குடி, புறக்கணிப்பு எதுவானாலும் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளும். கடைசியாக ஒன்று, பலர் கவனிக்காதது: மற்றவரோடு குழந்தைக்கு இருக்கும் உறவை மதிப்பவர் யார், கெடுப்பவர் யார் என்பதையும் நீதிபதி குறித்துக்கொள்கிறார். "அவன் உன் அப்பாவே இல்லை" என்று குழந்தையிடம் சொன்னது நீதிமன்றத்தில் தெரியவந்தால், அது சொன்னவருக்கே எதிராகப் போகும்.

வீடு எவ்வளவு பெரியது, சம்பளம் எவ்வளவு என்பதற்கு மக்கள் நினைக்கும் அளவு எடை கிடையாது.

நீதிபதி குழந்தையிடமே கேட்பாரா?

வயதும் பக்குவமும் இருந்தால் கேட்பார், பெரும்பாலும் தனியறையில். இந்தியாவின் 1890ஆம் ஆண்டுச் சட்டமே, விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. முடிவு எடுப்பது நீதிபதிதான். போகும் வழியில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது பெரியவர்களின் சொற்களில் பேசினால் நீதிபதிக்குச் சட்டென்று தெரிந்துவிடும். தான் சொன்னதால் ஒரு அப்பா போய்விட்டார் என்ற குற்றவுணர்வு குழந்தைக்கு வந்தால், அதைக் கரைக்கப் பல வருடம் ஆகும்.

ஒரு குழந்தைக்குச் சட்டப்படி இரண்டு அப்பாக்கள் இருக்க முடியுமா?

சில இடங்களில் முடியும். கலிஃபோர்னியாவில் 2014 முதல், இரண்டு பெற்றோரை மட்டும் ஏற்பது குழந்தைக்குக் கேடாகும் என்றால் நீதிமன்றம் மூன்றாவது பெற்றோரையும் அங்கீகரிக்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 2016இல் இயற்றிய சட்டம், கரு உருவாகும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால் நான்கு பெற்றோர் வரை இடம் தருகிறது.

உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை என்றாலும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். வளர்ப்பவர் வளர்க்கட்டும், பெற்றவர் மாதம் இத்தனை நாள் சந்திக்கட்டும், மருத்துவமும் படிப்பும் இருவருக்கும் தெரிவித்த பிறகே முடிவாகட்டும் என்று எழுதி, நீதிமன்றத்தில் பதிவு செய்து உத்தரவாக வாங்கிவிட்டால் அதற்குப் பலம் உண்டு. மத்தியஸ்தர் முன்னிலையில் எழுதினால் இன்னும் நல்லது. இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் விரும்ப வேண்டிய அவசியமில்லை. குழந்தை முன்னால் மரியாதையாகப் பேசினால் போதும்.

வளர்ப்பு அப்பா குழந்தையைத் தத்தெடுத்துவிட்டால்?

அப்போது பெற்றவரின் சட்ட உறவு பெரும்பாலான நாடுகளில் அறுந்துவிடும். அதனால்தான் அவருடைய சம்மதமோ, சம்மதம் தேவையில்லை என்று நீதிமன்றத்தின் முடிவோ வேண்டியிருக்கிறது. தத்து என்பது திரும்ப முடியாத வழி. பெற்றவர் உயிரோடு இருந்து குழந்தையைப் பார்க்க வந்துகொண்டிருந்தால், முதலில் பெற்றோர் பொறுப்பு ஒப்பந்தம் போதுமா என்று யோசியுங்கள்.

குடும்பப் பெயர், இனிஷியல் யாருடையது?

கணவர் இறந்தபிறகு மறுமணம் செய்துகொண்ட தாய், குழந்தைக்குத் தன் புதிய கணவரின் குடும்பப் பெயரை வைக்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. ஆவணங்களில் அவர் பெயரை "மாற்றாந்தந்தை" என்றே எழுத வேண்டும் என்று உயர் நீதிமன்றம் போட்ட நிபந்தனையை அது கடுமையாகக் கண்டித்தது. பெற்றவர் உயிரோடு இருக்கும்போது நிலைமை வேறு. அப்போது அவரிடம் சம்மதம் கேட்பதே நல்லது, மறுத்தால் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும்.

தானமாகப் பெற்ற விந்தணு மூலம் பிறந்த குழந்தைக்கு, தானம் செய்தவர் உரிமை கோர முடியுமா?

முறையான மருத்துவமனை வழியாகச் செய்திருந்தால் பொதுவாக முடியாது. இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானம் செய்தவர் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். குழந்தை அதை விரும்பிப் பெற்ற தம்பதியருடையது. மருத்துவமனை இல்லாமல் தெரிந்தவர் மூலம் தாங்களாகவே செய்துகொண்டால் பல நாடுகளில் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பின்னாளில் தானம் செய்தவர் தந்தை என்று சொல்லிக்கொண்டு வரலாம், அவரிடமே பராமரிப்புத் தொகை கேட்கப்படவும் செய்யலாம்.

குழந்தையிடம் எப்போது சொல்வது?

சின்ன வயதிலேயே, வயதுக்கு ஏற்ற வார்த்தைகளில். "உன்னைப் பெற்ற அப்பா ஒருவர், உன்னை வளர்க்கிற அப்பா நான்" என்ற அளவு நான்கு வயதுக் குழந்தைக்குப் புரியும். மீதியை அது கேட்கக் கேட்கச் சொல்லலாம். பதினைந்து வயதில் சொந்தக்காரர் ஒருவர் வாய்தவறிச் சொல்லித் தெரிந்துகொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கோபம் அந்த உண்மைமேல் இல்லை, இத்தனை வருடம் எல்லோரும் சேர்ந்து மறைத்தார்களே என்பதில்தான். இன்று பொழுதுபோக்காக வாங்கும் மரபணு வம்சாவளி கிட் ஒன்றே இரகசியத்தை உடைத்துவிடும். மறைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

வழக்கு நடக்கும்போது குழந்தையை வேறு நாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால்?

குழந்தைகளை நாடு கடத்திக் கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் 100க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. 16 வயதுக்குட்பட்ட குழந்தையை முறையின்றிக் கொண்டுபோனால், வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கேட்கலாம். ஓராண்டுக்குள் கேட்பது முக்கியம். இந்தியா இதில் சேரவில்லை. ஒரு பொறி இருக்கிறது: இந்த ஒப்பந்தம் சட்டப்படி பராமரிப்பு உரிமை உள்ளவரை மட்டுமே காக்கிறது. பெற்றவரோ வளர்த்தவரோ, சட்டத்தில் எந்த உரிமையும் வாங்காமல் இருந்திருந்தால், குழந்தை விமானம் ஏறியபிறகு கேட்க அதிகம் இருக்காது. உத்தரவை முன்பே வாங்கி வையுங்கள்.

அம்மா இறந்துவிட்டால் குழந்தை யாரிடம் போகும்?

நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் குடும்பங்கள் யோசிக்காமல் விட்டுவிடும் கேள்வி இதுதான். பல நாடுகளில் உயிரோடு இருக்கும் சட்டப்படியான பெற்றோருக்கே முதல் உரிமை. பத்து வருடம் வளர்த்தவர், துக்க வீட்டிலேயே தான் அந்நியர் என்று தெரிந்துகொள்ள நேரிடலாம்.

தாய் உயிரோடும் நலமாகவும் இருக்கும்போதே செய்ய வேண்டியவை உண்டு. உயிலில் காப்பாளர் பெயரை எழுதிவைப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. இங்கிலாந்தில், பெற்றோர் பொறுப்புள்ள சட்டப்படியான தந்தை உயிரோடு இருந்தால் அந்த நியமனம் பொதுவாக உடனே நடப்புக்கு வராது. அங்கே வளர்ப்புத் தந்தை முன்பே பெற்றோர் பொறுப்பை வாங்கியிருந்தால், தாயின் மரணத்துக்குப் பிறகும் அது அவரிடம் இருக்கும். மற்ற நாடுகளில் இதற்கு ஈடான உத்தரவு எது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். மூவரும் பேசும் நிலையில் இருந்தால், பெற்றவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "எனக்கு ஏதாவது ஆனால் குழந்தை இந்த வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் வந்து பார்த்துக்கொண்டிருங்கள்" என்று தாய் சொல்லி, அதை மூவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உயிலோடும் இன்னொன்றை வழக்கறிஞரிடமும் வைத்துவிடுங்கள்.